பெயர் தெரியாதவரின் பல் எக்ஸ்ரே: கணினிப் பார்வையைக் கொண்டு தேடத் தொடங்குவது எப்படி?

நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி அடிக்கடி வரும். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம். வயது சுமார் 45. மாநிறம். நீல நிறக் கைலி, வெள்ளைச் சட்டை. வலது முன்கையில் பச்சை குத்தியுள்ளார்.’ படிக்கும்போதெல்லாம், பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று தோன்றும். அந்தக் கைலியை வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாலு நாள் தண்ணீரில் கிடந்தால் முகம் தெரியாது. பல் அப்படியே இருக்கும். அதே பல்லின் எக்ஸ்ரே ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பல் மருத்துவரின் கணினியில் கிடக்கலாம்.

கணினிப் பார்வையால், அதாவது படத்தைக் கணினியே படிக்கும் நுட்பத்தால், அந்த இரண்டு படங்களையும் ஒன்றுக்கொன்று எதிரே கொண்டுவந்து நிறுத்தும் வேலைக்கான வழிகாட்டி இது. பைத்தானில் ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த, பல்லைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யப்போகும் மென்பொருள் யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது. 5,000 பேர் இருக்கும் பட்டியலை 10 பேராகச் சுருக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. அந்தப் பத்தில் யார், அல்லது பத்திலும் யாரும் இல்லையா என்பதை தடயவியல் பல் மருத்துவர் படத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். தவறான பெயர் ஒன்று வெளியே போனால் இரண்டு குடும்பங்கள் சிதையும். ஒரு வீட்டில் யாரோ ஒருவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருவார்கள். இன்னொரு வீட்டில் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். தீயிலும் மண்ணிலும் மற்றதெல்லாம் போனபிறகும் பல் நிற்பது அதனால்தான். 1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறச்சந்தைக் கூடாரம் தீப்பிடித்து 126 பேர் இறந்தார்கள். கருகிப்போன பலரை, அவர்களுக்குச் சிகிச்சை தந்த பல் மருத்துவர்களை வரவழைத்து, அவர்கள் கையிலிருந்த பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அவர்கள் நம்பியது பல்லையும் நோட்டுப் புத்தகத்தையும் மட்டும்.

இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் முதன்மைச் சான்றுகளாக ஏற்பது மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ. உயிரோடு இருந்தபோது கிடைத்த விவரங்களை ஏஎம் என்பார்கள், இறந்தபின் எடுத்ததை பிஎம் என்பார்கள். இன்டர்போலின் படிவங்களில் ஏஎம் மஞ்சள் நிறம், பிஎம் இளஞ்சிவப்பு. உங்கள் கோப்புறைகளுக்கும் இதே பெயர்களை வையுங்கள். பிற்பாடு காவல்துறையோ மருத்துவரோ வந்து பார்க்கும்போது எது எது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அடுத்தது பல்லின் எண். நம் நாட்டுக் கிளினிக்குகளில் பெரும்பாலும் எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறைதான். முதல் இலக்கம் வாயின் கால்பகுதியைக் குறிக்கும். நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 36 என்பதை முப்பத்தாறு என்று படிக்காதீர்கள், மூன்று-ஆறு. கீழ் இடது முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதை ஒட்டி முளைப்பது. அதனாலேயே பலருக்கும் முதலில் சொத்தையாகி அடைப்பு வாங்குவதும் இதுதான். உங்களுக்கு இது மிக முக்கியமான பல்லாக இருக்கப்போகிறது.

எக்ஸ்ரேயில் இரண்டு வகை அதிகம் வரும். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி ஒன்று. இரண்டு மூன்று பல்லை மட்டும் வேரோடு காட்டும் சின்னப் படம் இன்னொன்று. கிளினிக்கில் ஆர்விஜி என்று சொல்வார்களே, அது. உயிரோடு இருப்பவர் இயந்திரத்தின் முன் நின்று ஓபிஜி எடுத்துக்கொள்வார். பிணவறையில் அது முடியாது. அங்கே கையடக்கக் கருவியால் சின்னச் சின்னப் படங்களாக எடுப்பார்கள், அல்லது சிடி ஸ்கேன் எடுத்து அதிலிருந்து தாடையின் வளைவையொட்டி ஓபிஜி போன்ற படம் ஒன்றை உருவாக்குவார்கள். ஆக, பல நேரங்களில் உங்களுக்குக் கிடைக்கும் ஏஎம் ஒரு வகை, பிஎம் வேறு வகை. இதை மறந்துவிட்டு ஓபிஜிக்கு ஓபிஜி ஒப்பிடும் மென்பொருளை மட்டும் செய்தால் ஆய்வுக் கட்டுரையில் அழகாக இருக்கும், பிணவறையில் பாதி நாள் பயன்படாது.

இரண்டாம் படி: எது மாறலாம், எது மாறமுடியாது?

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

பல்லுக்கு நடப்பவை பெரும்பாலும் ஒருவழிப்பாதை. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது. அடைத்த பல் அடைக்காத பல்லாகத் திரும்பாது. 2015 படத்தில் 46 நன்றாக இருக்கிறது, 2023-இல் இறந்தவரின் படத்தில் 46 இல்லை என்றால் அது விளக்கக்கூடிய வேறுபாடு, இடையில் பிடுங்கியிருக்கலாம். 2015-இல் 46 இல்லை, 2023-இல் இயற்கையான 46 முழுதாக இருக்கிறது என்றால் விளக்கவே முடியாது. அவர் இவர் இல்லை. ஒரே ஒரு விளக்கமுடியாத வேறுபாடு, பத்து ஒற்றுமைகளையும் தள்ளிவிடும்.

இந்த விதியை நிரலில் எழுதுவது சுலபம் என்று நானும் நினைத்தேன். முதல் சோதனைக்கு அம்மாவின் சம்மதத்தோடு அவருடைய இரண்டு ஓபிஜிக்களை எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் ஏழு ஆண்டு இடைவெளி. பழைய படத்தில் 46-இல் பெரிய அடைப்பு ஒன்று, வெள்ளையாக, ஒரு பக்கம் சரிந்த புளியங்கொட்டை மாதிரி. புதிய படத்தை நிரலுக்குக் கொடுத்தேன். என் அம்மா என் அம்மா இல்லை என்று நிராகரித்துவிட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. இடையில் 46-ஐப் பிடுங்கியிருக்கிறார்கள். வெற்றிடம் இருந்ததால் பின்னாலிருந்த 47 மெல்ல முன்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட 46 இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. வேர்கள் இரண்டும் காற்றில் சாய்ந்த தென்னை போல ஒரே பக்கம் வளைந்திருந்தன. நிரல் அதற்கு 46 என்று எண் போட்டது. அடைப்பு இல்லாத 46! அடைத்த பல் அடைக்காததாகத் திரும்பாது, ஆகவே இவர் வேறு ஆள். நான் எழுதிய விதி சரி, எண் தவறு.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் முறை இது. எண்ணை ஒரே விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பல் 46-ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 47-ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள். முரண்பாடு கண்டால் ஆளைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். கீழே தள்ளுங்கள், சிவப்புக் கொடி போடுங்கள், காரணத்தை எழுதுங்கள். நீக்குவது மருத்துவரின் வேலை.

இன்னொரு பொறி: இறந்தபின் விழுந்த பல். வெட்டுப்பற்களுக்கு ஒரே வேர். பற்றியிருக்கும் தசைநார் அழுகினால் தானாகக் கழன்றுவிடும். உடலை எடுக்கும்போதே தவறிவிடும். எக்ஸ்ரேயில் பல் இருந்த குழி கூர்மையான ஓரங்களோடு காலியாகத் தெரியும். உயிரோடு இருக்கும்போது பிடுங்கி ஆறியிருந்தால் அந்தக் குழியை எலும்பு நிரப்பியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே ‘பல் இல்லை’ என்ற பெயரில் போட்டால் பெரும்பிழை. தனித்தனிப் பெயர் கொடுங்கள்.

மூன்றாம் படி: படங்களைச் சேர்த்தல்

பழகுவதற்குப் பொதுவில் கிடைக்கும் தொகுப்புகள் போதும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் 1,000 ஓபிஜிக்கள் உள்ளன. 2023-இல் மிக்காய் என்ற மருத்துவப் படக் கணிப்பு மாநாட்டையொட்டி நடந்த டென்டெக்ஸ் போட்டியின் படங்களில் எஃப்டிஐ எண்களும் குறிக்கப்பட்டிருக்கும். பிரேசிலிலிருந்து வந்த 1,500 படத் தொகுப்பும் உண்டு. பல்லைப் பிரித்து எண் போடக் கற்பிக்க இவை நல்லவை.

ஆனால் ஒரே ஆளின் இரண்டு படங்கள், சில ஆண்டு இடைவெளியோடு வேண்டும் என்றால் ஒரு பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துதான் ஆகவேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, கோப்பு எண் எல்லாவற்றையும் நீக்கிய பிறகே படம் உங்கள் கணினிக்கு வரவேண்டும். மருத்துவப் படங்கள் வரும் டைகாம் கோப்பின் தலைப்பிலுள்ள விவரங்களை பைத்தானின் பைடைகாம் நூலகத்தால் அழிக்கலாம்.

அதோடு முடிந்தது என்று எண்ணவேண்டாம். என்னுடைய முதல் மாடல் (படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல்) நம்பவே முடியாத அளவுக்கு நன்றாகப் பொருத்தியது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து படங்களின் நான்கு மூலைகளையும் கருப்பால் மறைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். துல்லியம் சரிந்து விழுந்தது. எக்ஸ்ரே இயந்திரம் நோயாளியின் எண்ணைப் படத்தின் மூலையிலேயே எழுத்தாகப் பதித்திருக்கிறது. தலைப்பை அழித்தாலும் படத்துக்குள் இருப்பது அழியாதே. மாடல் பல்லைப் பார்க்கவே இல்லை, எண்ணைப் படித்துக்கொண்டிருந்தது. எனவே தாடையை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுங்கள். முகவாய் தாங்கி, கடித்துப் பிடிக்கும் குச்சி, இடம் வலம் காட்டும் எழுத்து ஆகியவற்றையும் மறைத்துவிடுங்கள். ஒரே இயந்திரத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் அவை ஒரே இடத்தில் நிற்கும். ஒரே ஆள் என்று மாடலை ஏமாற்ற அது போதும்.

நான்காம் படி: படத்தைச் சீர்செய்தல்

பழைய பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். காணாமல் போனவரின் வீட்டிலிருந்து வரும் ஏஎம் படம் பல நேரம் இப்படித்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்லமுடியாது. அதை வாங்கிக்கொண்டு, முடிந்தால் கிளினிக்கிலிருந்து மூலக் கோப்பையும் கேளுங்கள்.

பிலிமைத் திருப்பி வைத்து எடுத்திருந்தால் இடம் வலமாகிவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் அப்படியே ஒரு முறை, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி ஒரு முறை, இரண்டு வகையாகவும் தேடுங்கள். வெளிச்சம் சீராக இல்லாத படத்துக்கு ஓபன்சிவி என்ற கணினிப் பார்வை நூலகத்தில் உள்ள கிளாஹே (வெளிச்ச வேறுபாட்டைப் பகுதி பகுதியாகச் சீராக்கும் முறை) உதவும், அளவாக. மில்லிமீட்டரில் எதையும் அளக்காதீர்கள். ஓபிஜி பல்லைப் பெரிதாக்கிக் காட்டும், எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. முகவாயைத் தாழ்த்தி நின்றால் பல்வரிசை சிரிப்பது போல வளையும், உயர்த்தி நின்றால் தட்டையாகும் அல்லது தலைகீழாக வளையும். நீளத்தைவிட விகிதங்களும் வடிவமும் நம்பகமானவை.

ஐந்தாம் படி: பல்லைப் பிரித்து எண் போடுதல்

இதற்குப் படத்தில் உள்ள பொருள்களைக் கண்டு பிரிக்கும் யு-நெட் அல்லது யோலோ வகை மாடல் ஒன்று போதும். மேலே சொன்ன தொகுப்புகளில் பயிற்றுவித்தால் ஓரளவுக்கு வந்துவிடும். பற்கள் வரிசையில்தான் வரும் என்பதையும் நிரலுக்குச் சொல்லிக்கொடுங்கள். 44-க்கு அடுத்து 47 வந்தால் இடையில் என்ன ஆயிற்று என்று அது கேட்கவேண்டும். ஒவ்வொரு பல்லையும் வேரோடும் சுற்றியுள்ள எலும்போடும் தனிப் படமாக வெட்டிச் சேமியுங்கள். ஆர்விஜியை ஓபிஜியோடு ஒப்பிட இதுதான் பாலம்.

ஆறாம் படி: ஒப்பிடுதல்

மூன்று வழிகள் உண்டு. புதியவர்கள் நேராக மூன்றாவதுக்கு ஓடுகிறார்கள். வரிசையாகவே போங்கள்.

முதல் வழி, பல் அட்டவணையை ஒப்பிடுவது. எந்தப் பல் இல்லை, எதில் அடைப்பு, எதில் கேப், எதில் வேர் சிகிச்சை. அமெரிக்காவில் வின்ஐடி போன்ற மென்பொருள்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. கணினிப் பார்வை இங்கே செய்வது அட்டவணையைப் படத்திலிருந்து நிரப்புவது மட்டும். எளிமையானது, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லும்.

இரண்டாம் வழி, படத்தில் உள்ள தனித்த புள்ளிகளைப் பொருத்துவது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு 60,000-க்கும் மேற்பட்ட ஓபிஜிக்களைக் கொண்ட தொகுப்பில் இவ்வகையில் தேடிக் காட்டியது, 2020-இல் வெளியிட்டார்கள். பயிற்சிப் படங்களே தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். உங்களுக்கு, அத்தகைய புள்ளிகளைக் கண்டெடுக்கும் சிஃப்ட் என்ற முறை போதும். அதன் காப்புரிமை 2020-இல் முடிந்துவிட்டதால் ஓபன்சிவியின் 4.4 பதிப்பிலிருந்து முதன்மைத் தொகுப்பிலேயே வருகிறது. புள்ளிகளை எடுத்து, பொருத்தி, ரான்சாக் என்ற வடிகட்டும் முறையைக் கொண்டு வடிவியலுக்கு ஒத்துவராதவற்றைத் தள்ளி, மிஞ்சும் எண்ணிக்கையைப் பாருங்கள். அடைப்பின் ஓரம், வேரின் நுனி, எலும்பின் நெசவு போன்ற இடங்களில் கோடுகள் சேர்ந்தால் நல்லது. கழுத்தெலும்பு நிழலில் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் வழி, இரண்டு படங்களை ஒரே மாதிரி படித்து ஒப்பிடும் சயாமீஸ் வகை ஆழ் கற்றல் மாடல். பல்லின் படத்தை எண்களின் வரிசையாக மாற்றி, ஒரே ஆளின் பல் அருகிலும் வேற்றாளின் பல் தொலைவிலும் வரும்படி பழக்குவது. ஒரே ஆளின் இரண்டு படங்கள் நிறைய இருந்தால்தான் இது எடுபடும். பல்லின் ஓரக்கோட்டை எடுத்துப் பொருத்தும் பழைய முறையும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனில் ஜெயினும் ஹாங் சென்னும் 2004-இலேயே அதைச் செய்திருக்கிறார்கள். தேடிப் படியுங்கள், சிக்கல்களை மிகத் தெளிவாக எடுத்துவைக்கும் வேலை.

ஏழாம் படி: உண்மையான சோதனை

ஒரே ஆளின் படம் பயிற்சியிலும் சோதனையிலும் வந்துவிடக்கூடாது. பிரிக்கும்போது ஆளை வைத்துப் பிரியுங்கள். சரியான ஆள் முதல் இடத்தில் எத்தனை முறை வந்தார், முதல் பத்துக்குள் எத்தனை முறை வந்தார் என்று இரண்டையும் குறியுங்கள். இடைவெளி ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று தனித்தனியாகப் பாருங்கள். பிஎம் போல ஆக்க, முன்பற்களை மறைத்தும் படத்தைத் துண்டாக்கியும் சோதியுங்கள். ஓர் அடைப்புகூட இல்லாத இளைஞர்களைத் தனிக்குழுவாக வையுங்கள். அவர்களிடம் வேரும் எலும்பும் ஞானப்பல்லும்தான் பேசும், மாடல் அங்கேதான் திணறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேடப்படுபவர் உங்கள் தொகுப்பில் இல்லாமலே இருக்கலாம் என்பது. சரியான ஆளை வேண்டுமென்றே எடுத்துவிட்டுத் தேடுங்கள். அப்போதும் உங்கள் மென்பொருள் யாரோ ஒருவரை முதலிடத்தில் வைத்து உறுதியாகச் சொன்னால் அதை வெளியே கொடுக்காதீர்கள்.

2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும் பகுதியினருக்குப் பல்லே வழியாக இருந்தது. ஆனால் அதில் அதிகம் பயனடைந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். அவர்கள் ஊர் மருத்துவர்களிடம் எக்ஸ்ரே இருந்தது. உள்ளூர் மக்கள் பலருக்கும் குழந்தைகளுக்கும் ஒப்பிட ஏதும் இல்லை. நம் ஊரிலும் கட்டட வேலைக்கு வந்து ரயில்பாதை ஓரம் இறந்துகிடப்பவருக்கு ஓபிஜி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிரித்தபடி எடுத்த செல்போன் படம் இருக்கலாம், சைனஸுக்கோ தலைக் காயத்துக்கோ எடுத்த ஸ்கேனில் பல்வரிசை விழுந்திருக்கலாம். குடும்பத்திடம் கேட்கச் சொல்லும் பட்டியலில் இவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைத்தல்

உண்மையான வழக்கில் காவல்துறை எழுத்துமூலம் கேட்ட பிறகே தொடங்குங்கள். தடயவியல் பல் மருத்துவரிடம் தரும்போது ‘92 சதவீதம் பொருத்தம்’ என்று எழுதாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்தவுடன் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். படங்களை அருகருகே வைத்து, எந்த இடத்தில் ஒத்துப்போகிறது, எந்த இடத்தில் முரண்படுகிறது என்பதை மட்டும் காட்டுங்கள். அமெரிக்கத் தடயவியல் பல் மருத்துவ வாரியம் நான்கு முடிவுகளைப் பரிந்துரைக்கிறது: உறுதியான அடையாளம், இருக்கலாம், போதிய சான்று இல்லை, இவர் இல்லை. இத்தனை ஒற்றுமை இருந்தால்தான் உறுதி என்று குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. தனித்தன்மையுள்ள ஒரு பல்லே போதுமானதாக இருக்கலாம், இருபது சாதாரணப் பற்கள் போதாமலும் போகலாம். அதை எடைபோடுவது அவருடைய படிப்பும் அனுபவமும்.

பத்துப் பேரையும் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டி ‘யாரும் இல்லை’ என்றால் கோப்பை மூடிவிடாதீர்கள். பிஎம் படங்களை அப்படியே வைத்திருங்கள். புதிதாகக் காணாமல் போனவர் ஒருவரின் ஏஎம் படம் வந்து சேரும் ஒவ்வொரு முறையும், பழைய பிஎம் எல்லாவற்றோடும் அதை ஒப்பிடும்படி இரவில் தானாக ஓடும் ஒரு வேலையை அமைத்துவிடுங்கள். உடலை அதற்குள் ஓர் எண்ணோடு புதைத்திருப்பார்கள். அந்த எண் உங்கள் பட்டியலிலும் இருக்கட்டும், எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதோடு சேர்த்து.